மிஸ்ட் கோலை எடுத்த பெட்டி

விளக்கு வைக்கிற நேரம். பெட்டி வராத காலம். குசினியில் நானும் மாமாவும் எதிரெதிரே இருந்து புட்டுச் சாப்பிடுகிறோம். தண்ணீர்ச் செம்பில் சாத்தி வைத்திருக்கும் என் கைபேசி ஒருமுறை அடிக்கிறது. மாமாவின் கை வாய்க்குப் பாதி வழியில் நிற்கிறது. என் கையும் நிற்கிறது. இருவரும் போனையே பார்க்கிறோம். ஒருவரும் தொடவில்லை. அது மறுபடி அடிக்காமல் ஓய்ந்துவிடுகிறது.

"அடிச்சிருச்சு," என்கிறார் மாமா.

"ஓம், அடிச்சிட்டா," என்கிறேன் நான்.

அதுவரை தொண்டையில் நின்ற புட்டு அதற்குப் பிறகு தானாக இறங்கும்.

எங்கள் வீட்டில் போன் அடித்தால் எடுக்க மாட்டோம். இது தெரியாமல் ஒருநாள் சாப்பாட்டுக்கு வந்த என் கூட்டாளி ஒருவன், உபகாரம் செய்வதாக நினைத்து எட்டி எடுக்கப் போனான். மாமா அவன் கையில் அகப்பையால் ஒன்று வைத்தார். அந்தக் கூட்டாளி இப்போதும் எங்கள் வீட்டுக்கு வருகிறான். ஆனால் கையைக் கட்டிக்கொண்டுதான் இருப்பான்.

போன கிழமை இந்தத் தொடரில், நான் மோட்டார் சைக்கிளோடு வாய்க்காலுக்குள் போன கதையை வாசித்துவிட்டு, "உமக்கு மூளை வேலை செய்த சம்பவம் ஏதும் இருந்தால் எழுதும்" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். தேடிப் பார்த்தேன். இது ஒன்றுதான் கிடைத்தது. இதிலும் முதற்பாதியில் மூளை லீவு.

எங்கள் பாஷை

அடித்தது என் மனைவி கௌரி. அடித்த இடம் குவைத். அங்கே ஒரு வீட்டில் சமையல் வேலை.

நாட்டில் காசு முடிந்து எல்லாவற்றுக்கும் வரிசையில் நின்றோமே, அந்த வருசத்தில்தான் போனாள். வீட்டுக்குப் பாதிக்கூரை போட்டு மீதிக்குத் தறப்பாள் கட்டியிருந்தோம். புதுக்குடியிருப்பில் என் கொம்பியூட்டர் கடைக்கு எலியும் வரவில்லை. ஏன் நீ போகவில்லை என்று கேட்பீர்கள். குவைத்தில் சமைக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் மதிப்பு. என் சமையலைச் சாப்பிட்டுப் பார்த்த மாமா, "மாப்பிள்ள போனா அடுத்த பிளேன்ல திருப்பி அனுப்பிருவாங்க" என்று சொல்லி மகளை வழியனுப்பினார்.

மாமா என்றால் கௌரியின் அப்பா. அவருடைய பெற்றோர் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். என்னுடையவர்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து வயலுக்காக வந்தவர்கள். நாங்கள் கலியாணம் செய்தபோது இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு முகத்தைச் சுளித்தது. இரண்டு பக்கமும் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அது. கௌரி என்னோடு எங்கள் பாஷையில் 'ஓம்' என்பாள். கோபம் வந்தால் அப்பன் வீட்டு 'ஆமா' வரும். மனம் இளகினாலும் அதேதான். எந்த 'ஆமா' என்று கண்டுபிடிக்கும் வேலையில்தான் என் குடும்ப வாழ்க்கை போனது.

குவைத்தில் அவளுடைய பெரிய போனை அந்த வீட்டு அம்மா வாங்கி வைத்துக்கொள்வா. வெள்ளிக்கிழமைதான் கைக்கு வரும். அன்றைக்கு முகம் பார்த்துக் கதைப்போம். மற்ற நாளில் அவளிடம் இருப்பது ஒரு பட்டன் போன். வீட்டார் எல்லாரும் மத்தியான நித்திரையில் இருக்கும் நேரத்தில், குசினி மூலையில் நின்று அதை எடுப்பாள். அது இங்கே விளக்கு வைக்கிற நேரம். அந்த நேரத்தில் வாய் திறந்தால் அவர்களின் குழந்தை எழும்பிவிடும். அதனால் கதை கிடையாது. அடிதான்.

ஒருமுறை அடித்து வைத்தால்: சுகமாக இருக்கிறேன். வைத்துவிட்டு இரண்டாம் முறையும் அடித்தால்: மனம் சரியில்லை. மூன்றாம் முறையும் அடித்தால்: எடுங்கோ, என்ன செலவானாலும் எடுங்கோ.

மூன்று ஒருநாளும் வந்ததில்லை. இரண்டு சில தடவை வந்தது. அன்றைக்குப் புட்டு நாய்க்கு.

மனித எக்ஸ்சேஞ்ச்

மிஸ்ட் கோல் ஒன்றும் எங்களுக்குப் புதிதில்லை. வன்னியில் பாதிச் சனத்தின் வாழ்க்கை மிஸ்ட் கோலில்தான் ஓடியது. பஸ் ஏறிவிட்டேன் என்றால் ஒரு அடி. நெல்லு ஏற்ற வா என்றால் ஒரு அடி. கௌரி கிளிநொச்சியில் தையல் கடையில் நின்ற காலத்தில் கடை பூட்டும்போது எனக்கு ஒரு அடி வரும். நான் திருப்பி ஒரு அடி விடுவேன். இப்படியே அடித்து அடித்துத்தான் காதலித்தோம். வாய் திறந்து கதைத்திருந்தால் அவள் என்னைக் கட்டியிருக்க மாட்டாள் என்பது மாமாவின் கணிப்பு.

அதற்கும் முன்னால், கைபேசியே இல்லாத நாளில், ஊருக்கு ஒரு 'கொமினிக்கேசன்' இருந்தது. ஒரு கொட்டில், ஒரு மேசை, ஒரு ரெலிபோன். வெளிநாட்டில் இருந்து கோல் வந்தால் உரிய ஆளைக் கூட்டி வர ஒருவன் சைக்கிளில் போவான். மீசை முளைக்கத் தொடங்கிய காலத்தில் அந்த ஒருவன் நான்தான். "அக்கா, நாலு மணிக்குச் சுவிஸ்" என்று படலையில் நின்று கத்திவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவேன்.

ஒருநாள் கனடாக் கோலுக்கு வந்தவரைச் சுவிஸ் கோலுக்கும், சுவிஸ் கோலுக்கு வந்தவரைக் கனடாக் கோலுக்கும் இருத்திவிட்டேன். இருவரும் அழுதழுது கதைத்து முடித்த பிறகுதான் ஆள் மாறினது தெரிந்தது. "பரவாயில்லையடா தம்பி, அந்தப் பிள்ளையும் நல்ல பிள்ளையாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். யாருடைய குரலாவது கேட்டால் போதும் என்று சனம் இருந்த காலம்.

அப்போதே எனக்கு ஒரு ஆசை. ஒரு நாளைக்கு நானும் ஒரு எக்ஸ்சேஞ்ச் வைக்க வேண்டும். சைக்கிள் இல்லாமல்.

பணிப்பாளர் ஆன கதை

வவுனியாவில் ஒரு அரசாங்கக் கந்தோருக்கு அலுவலாக ரெலிபோன் எடுத்தபோதுதான் அந்த ஆசை திரும்ப எழும்பியது. ஒரு பெண் குரல் வந்து ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது. எல்லாவற்றையும் அழுத்திப் பார்த்தேன். வேலை ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் என்ன மரியாதை. எனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று தோன்றிவிட்டது.

கொம்பியூட்டர் ஒன்றையே ரெலிபோன் எக்ஸ்சேஞ்சாக மாற்றும் மென்பொருள் இருக்கிறது. இலவசம். முகம் தெரியாத ஆட்கள் உலகத்தின் எந்தெந்த மூலையில் இருந்தோ எழுதி, எடுத்துக்கொள், மாற்றிக்கொள், மற்றவனுக்கும் கொடு என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கோயில் திருவிழாவுக்கு நடந்து போகிறவர்களுக்கு றோட்டோரம் தண்ணீர்ப்பந்தல் போடுவார்களே, அது மாதிரி. மோருக்கு உப்புப் போட்டது ஆர் என்று ஒருவரும் கேட்பதில்லை. குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

கடையில் ஒருவர் திருத்தத் தந்துவிட்டுத் திரும்பி வராத டெஸ்க்டொப் ஒன்று கிடந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு பல்லி, குடும்பத்தோடு. அவர்களைக் கும்பிட்டு அனுப்பிவிட்டு அதில் மென்பொருளை ஏற்றினேன். சிம் போடுகிற சின்னப் பெட்டி ஒன்றைக் கொழும்பில் இருந்து இரண்டாம் கையாக எடுத்து அதோடு பூட்டினேன். மூடிய கந்தோர் ஒன்றின் பழைய மேசை ரெலிபோன் மூன்றும் கிடைத்தன. அதில் ஒன்றில் 'பணிப்பாளர்' என்று பித்தளைத் தகடு ஒட்டியிருந்தது. அந்தத் தகட்டைக் கண்டதும் நான் விழுந்துவிட்டேன்.

ஒன்றாம் ரெலிபோன் கடை மேசையில். கடைக்குப் பின்னால்தான் வீடு. இரண்டாம் ரெலிபோன் குசினி அலுமாரிக்கு மேல். மூன்றாவது, பணிப்பாளர், என் கட்டிலோரம். இடையில் முற்றத்துக்கு மேலால் வயர் இழுத்தேன். முதல் நாளே குரங்கு தொங்கிப் பார்த்து, பலம் காணாது என்று அறுத்துக் காட்டியது. மறுபடி தடித்த வயராக இழுத்தேன்.

கோல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கொம்பியூட்டருக்கு வரி வரியாக எழுதி வைக்க வேண்டும். நான் எழுதியது இது. முதல் வரி: உடனே எடு. இரண்டாம் வரி: குரலைப் போடு. மூன்றாம் வரி: எந்த எண்ணை அழுத்துகிறார்கள் என்று பார்த்து அந்த ரெலிபோனை அடிக்க விடு. ஒன்றும் அழுத்தாவிட்டால் நன்றி சொல்லி வை. உடனே எடு என்று எழுதியது மரியாதைக்காக. பெரிய நிறுவனங்களில் வாடிக்கையாளரைக் காக்க வைப்பதில்லையாம்.

குரல் என்னுடையது. கட்டில் விரிப்பைத் தலையோடு போர்த்துக்கொண்டு பதிந்தேன். "வணக்கம். திருத்த வேலைகளுக்கு இலக்கம் ஒன்றை அழுத்தவும். அச்சு வேலைகளுக்கு இலக்கம் இரண்டை அழுத்தவும். பணிப்பாளருடன் உரையாட இலக்கம் மூன்றை அழுத்தவும்." மூன்றிலும் வரப்போவது நான்தான். ஆனால் மூன்று ரெலிபோனும் மூன்று இடத்தில் இருப்பதால் ஓடிப் போய் எடுக்கும்போது மூச்சு வாங்கும். அது வேலைப்பளு மாதிரிக் கேட்கும்.

பதிவில்தான் தொல்லை. முதல் தடவை நடுவில் சேவல் கூவியது. இரண்டாம் தடவை பக்கத்து ரியூசன் கொட்டிலில் சேர், "சமாந்தரக் கோடுகள் ஒருநாளும் சந்திக்காது, எழுது" என்று கத்தினார். மூன்றாம் தடவை மாமா படலையைத் திறந்தார். எங்கள் இரும்புக் கேற் திறக்கும்போது பன்றியை அறுப்பதுபோல ஒரு சத்தம் போடும். எண்ணெய் விட வேண்டும் என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நாலாம் தடவை எல்லாம் சேர்ந்து வந்தது, கூடவே மாமாவின் செருமலும். களைத்துப்போய் அதையே வைத்துவிட்டேன்.

கடைசியாக என் கைபேசியில் இருந்த சிம்மைக் கழற்றிப் பெட்டியில் போட்டேன். ஊரெல்லாம் தெரிந்த இலக்கம் அது. எனக்கு வேறு சிம்.

"பொட்டிய எதுக்கு மாப்பிள்ள வாங்குனீங்க? கடைக்கு வர்றது நாலு பேரு," என்றார் மாமா.

"தொழில் விருத்தி மாமா."

"நாலு பேர்ல ஒருத்தரு கரண்டு பில் குடுக்க வர்றவரு."

அடி இல்லாத கிழமை

ஒரு வெள்ளிக்கிழமை கௌரியோடு முகம் பார்த்துக் கதைத்தோம். அவளிடம் எக்ஸ்சேஞ்ச் பற்றிச் சொல்லவில்லை. வேலை முடிந்த பிறகு அசத்தலாம் என்று இருந்தேன். மறுநாள் காலை பெட்டியை இயக்கினேன். மாலையில் குசினியில் புட்டோடு இருந்தோம். அலுமாரிக்கு மேலே ரெலிபோன் இருந்தது. அடிக்கவில்லை.

"புள்ளைக்கு வேல போல," என்றார் மாமா.

அடுத்த நாளும் அடிக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை.

நான் அவளுடைய பட்டன் போனுக்கு எடுத்துப் பார்த்தேன். அணைத்திருந்தது. அது எப்போதும் அப்படித்தான். அடிக்கிற நேரம் மட்டும் உயிர் கொடுப்பாள். எடுத்துப் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை என்று தெரிந்தும் எடுத்துக்கொண்டே இருந்தேன்.

வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போனவர்களைப் பற்றிக் காதில் விழுந்த செய்தி ஒவ்வொன்றும் வரிசையாக வந்து தலைக்குள் கதிரை போட்டு இருந்தது. மாமா ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் படலையடிக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். கிரீச். கிரீச். கோழியைத் தேடுகிறாராம். கோழி குசினிக்குள் என் காலடியில் நின்றது.

"மாப்பிள்ள, அந்தப் பொட்டி வந்த நாள்ல இருந்துதான்."

"பெட்டிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை மாமா. பெட்டி நூற்றுக்கு நூறு சரியா வேலை செய்யுது."

சரியாகத்தான் செய்தது. அதுதான் பிழை. ஆனால் எனக்கு அது ஏறவில்லை. கொம்பியூட்டர் திரையில் எழுத்துகள் ஓடிக்கொண்டிருக்கும். ஓடுவது அழகாக இருக்கும். வாசிக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஏற வைத்தவ நாகேஸ் அக்கா. சட்டித் தயிர் போடுகிறவ. தயிர் உறைந்தால் எனக்கு ஒரு அடி விடுவா, நான் போய் எடுத்து வருவேன். புதன்கிழமை கடை வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, தயிர்ச் சட்டியை மேசையில் வைத்த வேகத்தில் என் விசைப்பலகை துள்ளியது.

"டேய், நீ என்ன விசரனே?"

"ஏனக்கா?"

"மனுசி தயிருக்கு மிஸ்ட் கோல் விட்டா நீ எடுக்கிறாய். ஒரு அடியும் போகேல்ல, டக்கெண்டு எடுக்கிறாய். எடுத்ததுமில்லாம ஒண்டை அமத்து, ரெண்டை அமத்தெண்டு எனக்குக் கட்டளை வேற. நான் கத்துறன், தம்பி தயிரடா, தயிரடா எண்டு. நீ பாட்டுக்குப் பணிப்பாளரெண்டுறாய். ஆரடா பணிப்பாளர்?"

"அது நான் இல்லையக்கா, பெட்டி."

"பெட்டியோ சட்டியோ. மிஸ்ட் கோலை எடுக்கிற ஆளை நான் இண்டைக்குத்தான் காணுறன். என்ர போனில கிடந்த காசும் போச்சு."

நான் கதிரையில் இருந்தேன். இருந்தேன் என்று எழுதுகிறேன், விழுந்தேன் என்று வாசியுங்கள்.

கௌரி அடித்திருக்கிறாள். நாளும் அடித்திருக்கிறாள். ஒரு அடி எங்கள் காதுக்கு வருவதற்கு முன்னமே பெட்டி பாய்ந்து எடுத்து, திருத்த வேலையா அச்சு வேலையா என்று அவளைக் கேட்டிருக்கிறது. அவள் ஒன்றும் அழுத்தியிருக்க மாட்டாள். அது நன்றி சொல்லி வைத்திருக்கும். உலகத்தில் எந்த ஊரிலும் ரெலிபோனை எடுப்பது மரியாதை. எங்கள் ஊரில் எடுக்காமல் விடுவதுதான் கதை. முகம் தெரியாத அந்த ஆட்களுக்கு அது தெரிய நியாயமில்லை. இங்கேயே பிறந்து, அடித்துக் காதலித்து, அடித்துக் கலியாணம் கட்டிய எனக்கும் தெரியாமல் போனதுதான் விசேஷம்.

தயிரைக்கூட உள்ளே வைக்காமல் முதல் வரியை அழித்தேன். 'உடனே எடு' இல்லை. இப்போது கோல் வந்தால் கடை ரெலிபோனும் குசினி ரெலிபோனும் அடிக்கும். பெட்டி வாய் திறக்காது. என் குரலையும் எடுத்து ஒரு மூலையில் போட்டேன்.

மூன்று அடி

அன்று மாலை புட்டும் தயிரும். ரெலிபோன் ஒருமுறை அடித்தது.

"அடிச்சிருச்சு," என்றார் மாமா. கண்ணைத் துடைத்துவிட்டு, புகை என்றார். அடுப்பு எப்போதோ அணைந்திருந்தது.

நான் ஒரு வாய் வைத்தேன். ரெலிபோன் மறுபடி அடித்தது.

இரண்டு. மனம் சரியில்லை. மாமா என்னைப் பார்த்தார். நான் புட்டுக் கோப்பையைப் பார்த்தேன்.

மூன்றாம் முறையும் அடித்தது.

ஒருநாளும் வராத மூன்று. கதிரை பின்னால் விழ, செம்பு உருள, நான் பாய்ந்து எடுத்தேன். மாமா எழும்பப் பார்த்தார். கால் ஒத்துழைக்கவில்லை.

"கௌரி? என்னப்பா? என்ன நடந்தது?"

அந்தப் பக்கம் குளிர்சாதனப் பெட்டியின் உறுமல் மட்டும். பிறகு மூச்சைவிடச் சின்னக் குரலில்:

"அது எங்க?"

"எது?"

"அந்தக் கதைக்கிறது."

"எது கதைக்கிறது? உனக்குச் சுகமோ?"

"ஓம், ஓம், சுகம். அதைப் போடுங்கோ."

வைத்துவிட்டாள். நான் ரெலிபோனைப் பிடித்தபடி நின்றேன்.

"என்னா சொல்லுது புள்ள?"

"சுகமாம் மாமா. பெட்டியோட கதைக்க வேணுமாம்."

மாமா உருண்ட செம்பை நிமிர்த்தி வைத்தார். "உங்களோட கதைக்கிறதுக்கு அது தேவலதான்," என்றார்.

வெள்ளிக்கிழமை

வியாழன் மாலை பழைய குரலைத் திரும்பப் போட்டேன், ஏன் என்று விளங்காமலே. வெள்ளிக்கிழமை அவள் முகம் திரையில் வந்ததும் மாமா சுகம் விசாரித்துவிட்டு நாகரிகமாக வெளியே போனார். அதாவது கதவுக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"முதல் நாள் பயந்திட்டன்," என்றாள் கௌரி. "வழமைபோல அடிச்சன். அடி போக முதல் உங்கட குரல். என்னவோ ஏதோ எண்டு நெஞ்சு பதறிப் போச்சு. பிறகு பாத்தா திருத்த வேலையாம். சிரிப்பு வந்திட்டுது. இஞ்ச சிரிக்கவும் ஏலாது. சீலைத் தலைப்பை வாய்க்குள்ள அடைஞ்சுகொண்டு நிண்டன்."

"வைச்சிருக்கலாம்தானே. காசெல்லோ போகும்."

"வைக்க மனம் வரேல்ல. நான் கதைக்கத் தேவையில்லை, அதுவாக் கதைக்குது. கேட்டுக்கொண்டு நிக்கலாம். நாளும் அதுக்காகவே எடுத்தன்."

எனக்குத் தலை கொஞ்சம் உயர்ந்தது. பத்து வருசம் கட்டி வாழ்ந்தவள், என் குரலுக்காகக் குவைத்தில் காத்திருக்கிறாள்.

"என்ர குரலைக் கேக்கத்தானே?" என்றேன், மீசையைத் தடவி.

"உங்கட குரலை எத்தினை வருசமாக் கேக்கிறன். அதுக்கே?" என்றாள். "பின்னால கேற் கிரீச்செண்டுது. அப்பா செருமுறார். சேவல் கூவுது, அது அந்தச் செவலைதானே? ரியூசன் சேர் இன்னும் அந்தச் சமாந்தரக் கோட்டையே பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். கேற் ரெண்டுதரம் கேக்குது. திறக்கேக்க ஒருக்கா, மூடேக்க ஒருக்கா. நடுவில நீங்கள் பணிப்பாளர் எண்டு கத்துறதுதான் கொஞ்சம் இடைஞ்சல்."

உயர்ந்த தலை பழைய இடத்துக்கு வந்தது.

"இஞ்ச ஒரு கதவும் சத்தம் போடாது," என்றாள். "எல்லாத்துக்கும் றப்பர்."

சொல்ல வந்ததெல்லாம் பகிடியாகத்தான் வந்தது, அது அன்றைக்கு எனக்கே பிடிக்கவில்லை.

"கேற்றுக்கு எண்ணெய் விட்டிட்டீங்களோ?"

"இன்னும் இல்லை."

"விடாதேங்கோ."

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ செருமினார்.

ஒரு நிமிட வானொலி

அதற்குப் பிறகுதான் என் மூளை லீவு முடிந்து வேலைக்கு வந்தது.

புதிதாக எழுதினேன். கௌரியின் இலக்கத்தில் இருந்து கோல் வந்தால், முதலில் குசினி ரெலிபோன் ஒருமுறை அடிக்க வேண்டும். அது எங்களுக்கு. அதற்குப் பிறகு பெட்டி எடுத்து அன்றன்றைக்குப் பதிந்த ஒரு நிமிடத்தைப் போட வேண்டும். அது அவளுக்கு. வேறு யார் எடுத்தாலும் சாதாரண ரெலிபோன். தயிருக்கு அடித்தால் அடிக்கட்டும், எடுக்க மாட்டோம். நாகேஸ் அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். "இப்பதான் மனிசப் பெட்டி," என்றா.

தினமும் ஒரு நிமிடம் பதிய வேண்டும். என்னை ஒரு நிமிடத்துக்குள் அடக்குவது எவ்வளவு கஷ்டம் என்று இந்தத் தொடரின் ஆசிரியரைக் கேளுங்கள். இப்போது விரிப்புப் போர்ப்பதில்லை. யன்னல் எல்லாம் திறந்து வைத்து, போனை முற்றத்துக் கல்லில் வைத்துவிடுவேன். மாமாதான் கேற்றுக்குப் பொறுப்பு. நான் கை காட்டினால் திறப்பார், மறுபடி காட்டினால் மூடுவார். மற்றபடி கையைக் காலை ஆட்டாமல் உத்தியோகத்தர் மாதிரி நிற்பார்.

நான் சொல்வதெல்லாம் சின்னச் செய்தி. கூரைக்கு மீதி ஓடு ஏறிவிட்டது. செவலைச் சேவல் ரியூசன் கொட்டிலுக்குள் போய்ச் சேரை இடைமறித்தது. நாயாற்றுப் பக்கம் இருந்து இறால் வந்தது, நான் ஆக்கினேன், கொஞ்சம் கறுத்துவிட்டது.

மாமாவையும் கதைக்கச் சொன்னேன். பெட்டிக்கு என்ன கதை என்று ஒத்துக்கொள்ளவே இல்லை. ஒருநாள் நல்ல மழை. தானாக வந்து கல்லுக்குப் பக்கத்தில் குந்தினார். "மழ பேயுது தாயி," என்றார். மீதி நிமிடம் முழுக்க ஒன்றும் சொல்லவில்லை. புதுக் கூரையில் விழும் மழையை அவள் கேட்கட்டும் என்று போனுக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி இருந்தார். அந்த வெள்ளிக்கிழமை கௌரி எங்களைவிட மழையைப் பற்றித்தான் அதிகம் விசாரித்தாள்.

பழக்க தோசத்தில் நிமிடத்தின் கடைசியில் அழுத்தும் இலக்கங்களையும் வைத்தேன். "சுகம் என்றால் சும்மா வையுங்கோ. மனம் சரியில்லை என்றால் ஒன்று. வாறதுக்கு நாள் குறிச்சாச்சென்றால் மூன்று."

ஒன்றை அழுத்தினால் கடை ரெலிபோன் அடிக்கும். மூன்றை அழுத்தினால் பணிப்பாளர்.

ஒன்று இடைக்கிடை அடித்தது. அடித்தால் அடுத்த நாள் நிமிடத்தில் நான் ஒரு சொல்லும் கதைக்க மாட்டேன். கேற்றையும் சேவலையும் மாமாவையும் மட்டும் விட்டுவிடுவேன். அது வேலை செய்யும். எனக்குக் கொஞ்சம் அவமானம்தான்.

பணிப்பாளர் அடிக்கவே இல்லை. அவளுடைய ஒப்பந்தம் ஒருமுறை முடிந்தது, அந்த வீட்டார் கேட்க நீட்டினாள். புது யன்னலுக்கும் புது அலுமாரிக்கும் காசு வேணும் என்றாள். நான் ஓம் என்றேன். வேறு என்ன சொல்வது. தினமும் காலையில் அந்த ரெலிபோனைத் துடைப்பேன். பித்தளைத் தகடு மட்டும் பளபளவென்று இருக்கும். வேலை இல்லாத பணிப்பாளர் அப்படித்தான் இருப்பார்.

போன மாதத்தில் ஒரு மாலை. குசினி ரெலிபோன் ஒருமுறை அடித்தது. அடிச்சிருச்சு, அடிச்சிட்டா, எல்லாம் முறைப்படி நடந்தது. ஒரு நிமிடம் ஓடியிருக்கும். உள் அறையில் இருந்து, நாங்கள் இருவரும் ஒருநாளும் கேட்டிராத ஒரு மணிச்சத்தம். கனமான, கந்தோர்ச் சத்தம்.

மாமா புட்டுக் கையோடு எழும்பினார். இந்தமுறை கால் ஒத்துழைத்தது. நான் கதவு நிலையில் தலையை இடித்து, கட்டிலில் விழுந்து, எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் பித்தளைத் தகட்டைப் பார்த்தபடி கிடந்தேன். ஒருமுறை அடித்து ஓய்ந்தது.

வெள்ளிக்கிழமை வரும்வரை மாமா முற்றத்தைக் கூட்டினார், கோழிக்கூட்டைக் கழுவினார், கிளிநொச்சியில் முடி வெட்டிக்கொண்டு வந்தார். நான் ஒருதரம் எண்ணெய்ப் போத்தலோடு கேற்றடிக்குப் போய்விட்டு, நினைவு வந்து திரும்பினேன்.

திரையில் முகம் வந்தது. மாமா இந்தமுறை வெளியே போகவில்லை.

"நாள் குறிச்சாச்சோ?" என்றேன்.



"இல்லை," என்றாள். "சும்மா அமத்திப் பாத்தனான். அங்க எப்பிடி அடிக்குதெண்டு."

மாமா என் தோளில் கை வைத்தார். எனக்காகவா, தனக்காகவா என்று தெரியவில்லை.

"கேட்டுதோ?"

"கேட்டுது."

"வடிவா அடிச்சுதோ?"

"நல்ல வடிவா அடிச்சுது கௌரி. நாங்கள் ரெண்டு பேரும் ஓடினனாங்கள்."

"ஆமா?" என்றாள்.

எந்த 'ஆமா' என்று அன்றைக்கு எனக்குக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.